சிஸ்டர் பதில்கள்: விளக்கு தேய்க்கிற நேரமும் கணக்கில் உண்டு

போன இதழில் கண்ணாடி சிரிஞ்சு காலத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். 1981இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, ஒரு தடவை போட்டுவிட்டுத் தூக்கி எறிகிற ஊசியெல்லாம் எங்கள் வார்டுக்கு வந்திருக்கவில்லை. சிரிஞ்சைக் கழற்றிக் கழுவி, துணியில் சுற்றி, ஸ்டெரிலைசரில் போட்டுக் கொதிக்க வைப்போம். கொதி வந்த பிறகு இருபது நிமிஷம். நைட் டூட்டியில் அந்த இருபது நிமிஷம்தான் எனக்குக் கோயில் என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், மருந்து மாத்திரை கேட்கிறவர்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, இந்த முறை வேறு மாதிரிக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. நான் ஆன்மிகப் பேச்சாளர் இல்லை. கும்பகோணத்துக்காரி, 36 வருஷம் வார்டில் நின்றவள், இப்போது முட்டிவலிக்காரி. தெரிந்ததைச் சொல்கிறேன்.

அப்பா தினமும் ஒரு மணி நேரம் பூஜை செய்வார். அவர் போன பிறகு நான் விளக்கு ஏற்றுகிறேன். ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. அதிலும் பாதி நேரம் ஆபீஸ் மீட்டிங் ஞாபகம். பக்தி என்று ஒன்றும் வரவில்லை. இப்படி ஏற்றுவதற்கு ஏற்றாமலே இருந்துவிடலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

தம்பி, எல்லாம் எழுதினீர்கள், அந்த விளக்கை யார் தேய்க்கிறார்கள் என்று மட்டும் எழுதவில்லையே.

எங்கள் வீட்டில் வியாழக்கிழமை சாயங்காலம் விளக்கு தேய்க்கிற நேரம். குத்துவிளக்கைத் திருகித் தனித்தனியாகக் கழற்றுவார் அம்மா. பாதம் ஒரு பக்கம், தண்டு ஒரு பக்கம், எண்ணெய் நிற்கிற தட்டு ஒரு பக்கம், உச்சி அன்னம் தனியாக. ஊறவைத்த புளி ஒரு கிண்ணத்தில், துணியில் சலித்த செங்கல் பொடி இன்னொரு கிண்ணத்தில். தட்டும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும். வாரம் முழுக்க எரிந்த எண்ணெயும் கரியும் அதில்தான் போய்ப் பிசுக்காக உட்காரும். விரல் போகாது. தீக்குச்சி நுனியில் துணியைச் சுற்றி அதை எடுக்கிற வேலை எனக்கு. எடுத்து முடித்தாலும் அம்மா விடமாட்டார். திருகு மறையில் ஈரம் நின்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும் என்று ஒவ்வொரு மறையாகத் துடைக்கச் சொல்வார். மொத்தம் முக்கால் மணி நேரம். மறுநாள் ஏற்றுவது இரண்டு நிமிஷம்.

எனக்கு அந்த வயதில் பக்தியாவது ஒன்றாவது. ஆனால் மறுநாள் சாயங்காலம் சுடர் அந்தத் தண்டில் மேலும் கீழுமாக ஓடுவதைப் பார்க்கும்போது, பள்ளத்தில் பிசுக்கு இல்லை என்பது இந்த வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று ஒரு நினைப்பு வரும். அதற்கு என்ன பெயர் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

திருநாவுக்கரசர் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஏடு இருக்காது, தோளில் உழவாரம் சாய்ந்திருக்கும். கோயில் பிராகாரத்துப் புல்லைச் செதுக்குகிற கருவி. அவர் தேவாரத்தில் ஒரு பாட்டில் கோயில் வேலைகளுக்கெல்லாம் பலன் வரிசை போடுகிறார். கூட்டிப் பெருக்கினவருக்குக் கிடைக்கிற இன்பத்தைப்போலப் பத்து மடங்கு மெழுகினவருக்கு என்று ஒரு கணக்கு வரும். அதற்கப்புறம்தான் பூத் தொடுக்கிறவர், விளக்கிடுகிறவர். பாட்டுப் பாடுகிறவர் கடைசியில் வருகிறார். பாட்டிலேயே வாழ்ந்த மனுஷர் துடைப்பத்திலிருந்து கணக்கைத் தொடங்குகிறார், பாருங்கள்.

ஒரு மாதம் விளக்கை நீங்களே தேயுங்கள். கடையில் விற்கிற பொடி போதும், செங்கல் தேடி அலைய வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் மீட்டிங் ஞாபகம் வந்தால் வரட்டும். உங்கள் அப்பாவுக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் என்னென்ன ஞாபகம் வந்ததோ, யார் கண்டது?

அபார்ட்மென்டில் மூன்றாவது மாடி. வாசல் என்பது மூன்றடி நடைபாதை, அதிலும் பாதியைப் பக்கத்து வீட்டுச் செருப்பு ஸ்டாண்ட் பிடித்துக்கொண்டது. கோலமாவு பறக்கிறது என்று அசோசியேஷனில் புகார். ஸ்டிக்கர் கோலம் ஒட்டிவிடலாமா? மாமியார் ஊரிலிருந்து வந்தால் என்ன சொல்வாரோ என்று பயம்.
– வாசகி, மேடவாக்கம்

ஒட்டினால் பாவம் ஒன்றும் இல்லை. மாமியாரும் வந்து பார்த்துவிட்டு, ‘எங்கே வாங்கினாய், எனக்கும் ஒன்று வாங்கிக் கொடு’ என்று கேட்கலாம். காலம் அப்படி. எனக்கு அதில் உள்ள ஒரே குறை, நாளைக்குக் காலையிலும் அது அப்படியே இருக்கும் என்பதுதான்.

நைட் டூட்டி முடிந்து நான் வீடு வந்து சேர எட்டேகால் ஆகும். தெருவில் எல்லார் வீட்டுக் கோலத்தையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிதித்து முடித்திருப்பார்கள். அப்போதுதான் நான் வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். எதிர்வீட்டு மாமி, “என்னடி, மத்தியானக் கோலமா?” என்று தினம் கேட்பார். தினமும் சிரித்து வைப்பேன்.

போடுவது எப்போதும் ஒரே கோலம். ஐந்து புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடியும். அதைச் சுற்றி ஒரே இழையில் போகிற சிக்குக் கோலம். இழை எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு தொடங்கின இடத்துக்கே வந்து சேர வேண்டும். சில நாள் வராது. எங்கோ ஒரு புள்ளியில் தப்பான பக்கம் திரும்பியிருப்பேன். அப்படியென்றால் நான் நினைத்ததைவிட அதிகமாகக் களைத்திருக்கிறேன் என்று அர்த்தம். அன்றைக்கு அடுப்படிக்கே போகாமல் போய்ப் படுத்துவிடுவேன். கொதிக்கிற குழம்புக்கு முன்னால் நிற்கத் தகுதி உண்டா இல்லையா என்று கோலம் சொல்லிவிடும். தெர்மாமீட்டர் மாதிரி.

ஒரு தகவல், மாமியாரிடம் சொல்லி அசத்தலாம். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி என்று இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். 1970களில் அவர்களும் உடன் ஆய்வு செய்தவர்களும் நம் வாசல் கோலத்தைக் கம்ப்யூட்டர் மொழிகளின் இலக்கணத்தோடு சேர்த்து ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். நம் பாட்டிகள் குனிந்த தலை நிமிராமல் போட்ட புள்ளிக்கும் இழைக்கும் விதிகள் உண்டு, அவற்றைக் கணிதமாக எழுத முடியும் என்று காட்டினார்கள்.

உங்களுக்கு என் யோசனை இது. மூன்றடி வேண்டாம், ஒரு சாண் போதும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, பச்சரிசி மாவில் நாலு புள்ளி வைத்து ஒரு சின்னக் கோலம். பறக்கிற அளவுக்கு அதில் மாவே இருக்காது. எறும்பு வந்து எடுத்துக்கொண்டு போனால், அரிசி மாவு போடுவதே அதற்காகத்தானே. அசோசியேஷன் செக்ரட்டரி அப்போதும் முறைத்தால், வீட்டுக்குள் சாமி பலகையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி ஆறு வருஷம். காலை ஐந்து மணிக்கு எழுந்தால் இரவு பத்து மணி வரை அடுப்படி. ‘நீதானம்மா அன்னபூரணி, நீ செய்வது சமையல் இல்லை, யாகம்’ என்று மாமனார் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார். ஒருத்தரும் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பதில்லை. நானும் வேலைக்குப் போகிறேன். சமையலைத் தெய்வ காரியமாக நினைத்தால் களைப்புத் தெரியாது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிகிறதே?
– பெயர் வேண்டாம், ஈரோடு பக்கம்

தெரியத்தான் செய்யும் கண்ணு. உடம்பு உடம்புதான். களைப்புத் தெரியவில்லை என்று சொல்கிறவர்களை எல்லாம் நான் வார்டில் டிரிப் ஏற்றிப் பார்த்திருக்கிறேன்.

வடலூரில் வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி ஓர் அடுப்பை மூட்டினார். பசித்து வருகிறவர்களுக்குச் சோறு போட. இன்றைக்கும் அந்த அடுப்பு அணையவில்லை, அணையா அடுப்பு என்றே பெயர். போய்ப் பாருங்கள், சமையல் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று நெஞ்சில் உறைக்கும். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஒரே ஒரு மருமகள் ஐந்து மணிக்கு எழுந்து ஊதிக்கொண்டிருந்தால் அந்த அடுப்பு இத்தனை வருஷம் எரிந்திருக்குமா? விறகு தள்ள ஒருவர், அரிசி களைய ஒருவர், பரிமாற ஒருவர், கழுவ ஒருவர். ஆள் மாற்றித்தான் அடுப்பைக் காப்பாற்றியிருக்கிறார்கள். எங்கள் பாஷையில் ஷிஃப்ட்.

அதே போல ஸ்ரீரங்கத்துக்குப் போங்கள். பெருமாளுக்குத் தளிகை செய்கிற மடைப்பள்ளியில் கரண்டி பிடிப்பது ஆண்கள். சாமிக்கு என்றால் ஆண்கள் சமைக்கலாம், வீட்டுக்கு என்றால் கை வராதா?

மாமனார் நல்லவராகத்தான் தெரிகிறார். நாளைக்கு அவர் யாகம் என்று சொல்லும்போது, “சரி மாமா, யாகத்துக்குத் தேங்காய் துருவ ஆள் வேண்டும்” என்று துருவியை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். சிரித்துக்கொண்டே வையுங்கள், ஆனால் வைத்துவிடுங்கள். வீட்டுக்காரருக்குத் தட்டு. அவரவர் தட்டு என்று ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் பாத்திரத்துக்கும் வந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளை ஓட்டலிலிருந்து வாங்குங்கள். அன்னபூரணிக்கு வீக்லி ஆஃப். நான் சர்வீஸில் இருந்தவரை என் ஆஃபை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறேன். வார்டு போஸ்டிங்கில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது கை கழுவுகிறேன். முதல் வருஷம் ஒவ்வொரு தடவையும் ஏதோ பெரிய காரியம் செய்வது போல இருந்தது. இப்போது எந்திரம் மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கு எப்படி அது கடைசி வரை புனிதமாக இருந்தது?
– மாணவி, பெரம்பலூர்

இருந்தது என்று யார் சொன்னது? பாதி நாள் எனக்கும் எந்திரம்தான். நான் அதைக் குறையாகவே நினைக்கவில்லை.

செம்மல்வைஸ் என்ற டாக்டரின் கதை உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்க்கிற வார்டு ஒன்று, மருத்துவச்சிகள் பார்க்கிற வார்டு ஒன்று. டாக்டர்கள் வார்டில்தான் பிரசவக் காய்ச்சலில் தாய்மார்கள் அதிகம் செத்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவத்துக்கு வருகிறார்கள், கையில்தான் எதுவோ வருகிறது என்று 1847இல் கண்டுபிடித்தார் செம்மல்வைஸ். குளோரின் கலந்த சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று வைத்தார். 1846இல் அந்த வார்டில் நூற்றுக்குப் பதினோரு தாய்மார்கள் இறந்தார்கள். 1848இல் நூற்றுக்கு ஒன்றேகால். கிருமி என்ற பேச்சே நிலைபெறாத காலம். பெரிய டாக்டர்கள் பலருக்கு, எங்கள் கை அழுக்கா என்று கோபம். அந்த மனுஷர் 1865இல் மனநல விடுதியில் செத்துப்போனார்.

இப்போது சொல்லுங்கள், அந்தத் தாய்மார்கள் பிழைத்தது கழுவினவருக்குப் புல்லரித்ததாலா? கழுவியதால். ராத்திரி மூன்று மணிக்கு, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த நாளில், பசி மயக்கத்தில், உங்கள் மனசு எங்கேயோ கிடக்கும். அப்போதும் கை தானாகக் குழாய்க்குப் போக வேண்டும். சோப்புப் போட்டு நாற்பது முதல் அறுபது விநாடி, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண். எந்திரம் மாதிரி ஆகிவிட்டது என்றால் பழக்கம் கைக்குள் இறங்கிவிட்டது.

காம்பீலி நகரத்து நெசவாளர் நேச நாயனாரைப் பற்றிப் பெரியபுராணத்தில் வரும். மனம் சிவனடியில், வாய் அஞ்செழுத்தில், கை தறியில் என்று மூன்றையும் மூன்று இடத்தில் வைத்து அடியார்களுக்குத் துணி நெய்தார். அழகான கதை. ஆனால் தறிக்கு அது சரி, மருந்து கொடுக்கிற இடத்தில் வேண்டாம் கண்ணு. ஊசி மருந்தை எடுக்கும்போது மனசும் வாயும் கையும் லேபிள் மேலேயே இருக்கட்டும். கை கழுவும்போது மட்டும் மனசுக்கு லீவு கொடுங்கள்.

மனைவி போய் எட்டு மாதம் ஆகிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து காபி போடுவேன். கை தானாக இரண்டு டம்ளர் எடுக்கிறது. இரண்டாவதையும் ஊற்றி அவள் நாற்காலி பக்கம் வைத்துவிட்டுத்தான் வேதம் வாசித்து ஜெபம் செய்கிறேன். மகன் பார்த்துவிட்டு, டாக்டரிடம் போகலாம் என்கிறான். எனக்குப் புத்தி தடுமாறிவிட்டதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

ஐயா, முதலில் நர்ஸாக இரண்டு கேள்வி. மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களா? தூக்கம் வருகிறதா? இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் மகனோடு டாக்டரிடம் போய்வாருங்கள், டம்ளருக்காக இல்லை, உங்களுக்காக. இரண்டும் சரியாக இருந்தால் மேலே படியுங்கள்.

எங்கள் வார்டில் ஓர் ஆயாம்மா இருந்தார். யாரும் தேடி வராத நோயாளி ஒருவர் ராத்திரி இறந்துபோனார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. உடம்பைத் துடைத்து, கண்ணை மூடி, தாடையைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். ஆயாம்மா ஸ்டவ்வில் தண்ணீர் காயவைத்துக்கொண்டிருந்தார். “செத்தவருக்கு எதுக்கு ஆயாம்மா சுடுதண்ணி?” என்று கேட்டுவிட்டேன். வயசுக்கோளாறு. அவர் நிமிர்ந்து பார்க்காமலே, “பச்சத்தண்ணி ஊத்தினா எனக்குக் கை கூசுதும்மா” என்றார்.

அப்புறம் முழங்கையை விட்டுத் தண்ணீரின் சூட்டைப் பார்த்தார், குழந்தைக்குப் பார்ப்பது போல. துடைக்கத் தொடங்கினதும் பேச்சும் தொடங்கியது. “கையைக் குடு ராஜா, சட்டையைக் கழட்டணும்... இந்தா, ஆச்சு ஆச்சு... கொஞ்சம் திரும்பிக்கோ.” அவரும் திரும்பினார், நாங்கள் இரண்டு பேரும்தான் திருப்பினோம். காதுக்குப் பின்னால் துடைத்தார். காய்ந்த எச்சில் வழிந்த தடத்தை, பஞ்சை நனைத்து நனைத்து எடுத்தார். தலைமுடியைத் தன் சீப்பால் வாரி வகிடு எடுத்துவிட்டார். காலையில் அந்த உடம்பு எங்கே போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும், வகிட்டைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் என் கையாலும் வெந்நீர்தான்.

ஆயாம்மாவுக்குப் புத்தி தடுமாற்றம் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. உங்கள் டம்ளரை நீங்கள் வையுங்கள். மகனிடம், சிஸ்டர் சொன்னார்கள் என்று சொல்லுங்கள். ஒன்றே ஒன்று கேட்க ஆசை: அந்த டம்ளரில் சர்க்கரை உங்கள் அளவா, அவர்கள் அளவா? பதில் எழுத வேண்டாம். ஆறின காபியைக் கொட்ட மனசில்லாமல் நீங்களே குடிப்பதாக இருந்தால், மாதம் ஒரு முறை ரத்தத்தில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் கடை. காலையில் ஸ்குரூ டிரைவர்களை எல்லாம் துடைத்து அளவு வாரியாக அடுக்கினால்தான் எனக்கு வேலை ஓடும். இதுவும் பூஜைதான் என்று நண்பன் கிண்டல் செய்கிறான்.
– வாசகர், திண்டுக்கல்

அவர் மிக்ஸி ரிப்பேருக்கு வந்தால் பில்லில் ஐம்பது ரூபாய் சேர்த்துப் போடுங்கள். உங்களுக்குப் பூஜை என்ற பெயர் வேண்டாம் என்றால் வேண்டாம், விட்டுத்தள்ளுங்கள். ஸ்குரூ டிரைவருக்கு எந்தப் பெயரும் தேவையில்லை. முதல் போணிப் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறீர்களா இல்லையா என்பதை மட்டும் சாமர்த்தியமாக எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.

வெள்ளிக்கிழமை ஏற்றுகிற விளக்கு அடிக்கடி பாதியில் அணைந்துவிடுகிறது. மூன்று வாரமாக இப்படி. ஏதாவது கெட்ட சகுனமா?
– வாசகி, மன்னார்குடி

விளக்கைக் கழுவிவிட்டு ஈரத்தோடு எண்ணெய் ஊற்றுகிறீர்களா? தண்ணீர் அடியில் தங்கித் திரி அதை உறிஞ்சினால், படபடவென்று பொரிந்து அணையும். நன்றாகத் துடைத்துக் காயவைத்து ஊற்றுங்கள். பழைய திரியின் கருகின நுனியைக் கிள்ளிவிடுங்கள், இல்லை புதுத் திரி போடுங்கள். திரி எண்ணெயில் முழுக்க நனைந்திருக்கட்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் அணைந்தால், ஹாலில் ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள்.